புரட்டாசியிலும் ஐப்பசியிலும் பூச்சித் தூண்டில்: காவிரி டெல்டாவுக்கான கேள்வி பதில்

காவிரியின் கிளை ஆறான குடமுருட்டியின் கரையில் வளர்ந்தவன் நான். மூங்கில் கழியும் மண்புழுவுமாகத் தொடங்கி, கடந்த பதினோரு ஆண்டுகளாகப் பூச்சி வடிவப் பொய்யிரையால் மீன் பிடித்து வருகிறேன். ஆவணி முடியும் நேரத்தில் ஆண்டுதோறும் அதே கேள்விகள் என்னிடம் வருகின்றன. கேட்பவர்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் உண்டு. வெளிநாட்டில் இந்தக் கலையைப் பழகிவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பியவர்களும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

டெல்டாவில் டிரவுட் மீன் இருக்கிறதா?

இல்லை, இருக்கவும் முடியாது. டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும். புரட்டாசி மதியத்தில் குடமுருட்டித் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும்.

ஆனாலும் டிரவுட்டுக்கும் காவிரிக்கும் உறவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகுதான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளின் தண்ணீர் குந்தா ஆற்றின் வழியே பவானிக்கு இறங்குகிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. திருவையாற்றுப் படித்துறையில் நாம் கால் நனைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, மலையில் டிரவுட் நீந்திய தண்ணீர். மீன் இங்கே வரவில்லை. அதைப் பிடிக்கப் பழகியவர்கள் உருவாக்கிய முறை வந்திருக்கிறது, நம் மீன்களிடமும் நன்றாகவே பலிக்கிறது.

பூச்சித் தூண்டில் என்பது என்ன? சாதாரணத் தூண்டிலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

சாதாரணத் தூண்டிலில் எடை தங்கூசியின் (நைலான் நரம்பின்) நுனியில் இருக்கிறது. ஈயக்குண்டோ இரையோ அந்த எடையைத் தருகிறது. வீசினால் எடை முன்னே போகும், தங்கூசி பின்னால் இழுபட்டுப் போகும். பூச்சித் தூண்டிலில் இது தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சிக்கு எடையே கிடையாது. தடித்த, மேல்பூச்சு பூசிய நூலுக்குத்தான் எடை. கழியை முன்னும் பின்னும் அசைத்து அந்த நூலைக் காற்றில் நீட்டுகிறோம். நுனியில் கட்டிய மெல்லிய தங்கூசியோடு பூச்சி கடைசியாக வந்து தண்ணீரில் இறங்குகிறது. உண்மையான பூச்சி விழுவதைப் போலவே ஓசையில்லாமல் இறங்க வேண்டும்.

"தூண்டில்காரனுக்குத் தக்கைமேலே கண்" என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. இந்த முறையில் தக்கையே இல்லை. அப்படியானால் கண்ணை எங்கே வைப்பது? தண்ணீரின் மேல்பரப்பிலும், அதன்மேல் பறக்கிற பூச்சியிலும் வைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது முழுவதும் அதைப் பற்றியதுதான்.

குளிர்நாட்டு டிரவுட் ஆறுகளில் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது? அது இங்கே உதவுமா?

அங்கே செப்டம்பர், அக்டோபர் இலையுதிர் காலத்தின் தொடக்கம். கோடையில் சூடேறிய தண்ணீர் குளிரத் தொடங்குகிறது. சோர்ந்து கிடந்த மீன் மறுபடி சுறுசுறுப்பாக இரை தேடுகிறது. பழுப்பு டிரவுட் முட்டையிடும் பருவமும் நெருங்குகிறது. மேக மூட்டமும் தூறலுமான நாட்களில் மேஃபிளை எனப்படும் சிறு பூச்சிகள் ஆற்றிலிருந்து கூட்டமாக இறக்கை முளைத்து எழுகின்றன. அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஆறுகளில் ஆரஞ்சு உடல்கொண்ட பெரிய கேடிஸ் பூச்சி அக்டோபரில் வெளிவருகிறது. புல்வெளி வெட்டுக்கிளியும் இறக்கை எறும்பும் காற்றில் அடிபட்டுத் தண்ணீரில் விழுகின்றன.

அந்தப் பூச்சிப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பயன் இல்லை. அங்கிருந்து திரும்பியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: பெட்டி நிறைய அந்த ஊர்ப் பூச்சிகளை எடுத்து வருகிறார்கள். அவர்கள் அங்கே கற்ற பழக்கம் மட்டும் இங்கே உதவும். வெயில் தணியும் பருவத்தில் மீன் மேலே வரும். எந்தப் பூச்சி எந்த நேரத்தில் தண்ணீரில் விழுகிறதோ அதைப் போன்ற ஒன்றை அந்த நேரத்தில் அங்கே வைக்க வேண்டும். மேஃபிளைக்கு மேக மூட்டம் என்றால், நமக்கு மழைக்குப் பிந்தைய புழுக்கம். அவர்களின் புல்வெளிக்கு இணை நம் குறுவை வயல்.

எந்த நாட்களில் ஆற்றுக்குப் போகலாம்?

ஆற்றில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். நிறைந்த ஆண்டில் முந்துவதும் உண்டு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணையை அடைய மூன்று நான்கு நாட்கள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன், பாமணி, கோரையாறு என்று விரல்விரலாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது.

ஆகவே இங்கே வானத்தைப் பார்ப்பதோடு மதகையும் பார்க்க வேண்டும். புரட்டாசியில் ஒரு பக்கம் குறுவை அறுவடை, இன்னொரு பக்கம் சம்பா நடவு. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது கிளை ஆறு சில நாள் நிறைந்து ஓடும், சில நாள் வடிந்து கிடக்கும். என் அனுபவத்தில், தண்ணீர் ஒரே மட்டத்தில் இரண்டு மூன்று நாள் நின்று ஓடிய பிறகு வரும் மாலைதான் மிகச் சிறந்தது. ஏறும் தண்ணீரில் மீன் கரையோரப் புல்லுக்குள் வரும், ஆனால் மேலே பார்ப்பதில்லை. அடித்து வரும் புழுவே அதற்குப் போதும். மட்டம் சடசடவென்று இறங்கும் நாளில் வீட்டிலேயே இருங்கள். மீன் பள்ளத்தில் ஒடுங்கிவிடும்.

சட்ரஸ் (ஆற்றின் குறுக்கே உள்ள மதகு) அருகே இருக்கும் லஸ்கரிடம் (மதகைத் திறந்து மூடும் பணியாளரிடம்) இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது எந்த வானிலை அறிக்கையைவிடவும் பயன்படும். இன்று இரவு அடைப்பார்களா, நாளை கூட்டுவார்களா என்பது அவருக்குத் தெரியும்.

மழை எப்படி? வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் முடிந்ததா?

"புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்பார்கள். பகலில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு பெய்து, இரவு வெறித்துவிடும் அந்த ஒழுங்கு பூச்சிக்கும் ஏற்றது, மீனுக்கும் ஏற்றது. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதன் முதல் பத்து நாட்கள், மழைக்கு இடையே வெளி வாங்கும் நேரங்களில், மிக நல்ல நாட்கள். அடைமழை பிடித்துக்கொண்டால் ஆறு காப்பி நிறமாகிவிடும். வயலிலிருந்து வடியும் தண்ணீரும் சேரும். அப்போது மேல்பரப்பில் பூச்சி வைத்துப் பயன் இல்லை.

தண்ணீரின் நிறத்தை வைத்து எப்படி முடிவு செய்வது?

முழங்கால் ஆழத்தில் நின்று உங்கள் பாதத்தைப் பாருங்கள். விரல்கள் தெரிந்தால் சிறிய, மங்கலான பூச்சி. பாதம் மட்டும் நிழலாகத் தெரிந்தால் அளவில் பெரிய, கறுத்த பூச்சி. கறுப்பு கலங்கலிலும் உருவாகத் தெரியும். பாதமே தெரியாவிட்டால் பொய்ப் பூச்சியைப் பெட்டியில் வைத்துவிட்டு மண்புழுவுக்குத் திரும்பலாம்.

இன்னொரு நிறத்தையும் சொல்ல வேண்டும். அறுத்த வயலில் தாள் அழுகி, அந்தத் தண்ணீர் வடிகாலில் கறுத்து வரும். அதில் உயிர்வளி குறைவு. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்துகொண்டே நிற்கும். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து மீன் பூச்சி எடுக்கிறது என்று நினைத்துவிடுவார். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் வடிகாலும் அப்படித்தான். செத்த பூச்சி மிதந்து வரும் வாய்க்காலில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஈசல் வரும் நாளை முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும். டெல்டாவின் பூச்சித் தூண்டில் நாட்காட்டியில் ஈசல் எழும் மாலைக்கு நிகரான இன்னொரு நாள் இல்லை. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

சில நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு இரவு நன்றாகப் பெய்ய வேண்டும். மறுநாள் காற்று அசையாமல் புழுங்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் பிற்பகல் நான்கு மணிக்கு ஆற்றங்கரைப் புற்றுகளைப் போய்ப் பாருங்கள். ஈர மண்ணில் புதிதாகச் சின்னச் சின்னத் திறப்புகள் தெரியும். அவற்றின் வாயில் கறையான் காவல் நிற்கும். சில இடங்களில் புற்று என்று எழும்பாமல், வெறும் தரையிலேயே பிளவு விட்டிருக்கும். புற்றைக் காணாவிட்டால் பறவைகளைப் பாருங்கள். கரிச்சான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து ஒரே இடத்துக்குப் பாய்ந்து பாய்ந்து திரும்பினால், மைனாவும் காக்கையும் தரையில் கூடினால், அங்கே ஈசல் புறப்பட்டுவிட்டது.

எல்லா ஈசலும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. கறையானில் பல இனங்கள் உண்டு. சில அந்தியில் எழும், சில இரவு விளக்குக்கு வரும், சில விடியற்காலையில் வரும். ஒரு புற்றிலிருந்து எழுவது அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடலாம். நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், உடலைவிட நீளம். அதனால் ஈசலுக்குப் பறக்கத் தெரியுமே தவிரத் திசை பிடிக்கத் தெரியாது. ஆற்றின் மேல் வந்ததில் கணிசமானவை தண்ணீரில்தான் விழும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி பிறந்த வாரத்தில் ஒரு மாலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாலத்தை ஒட்டிய தெருவிளக்கு அப்போதுதான் எரிந்தது. முதலில் பத்து இருபது ஈசல். ஐந்து நிமிடத்தில் விளக்கைச் சுற்றிப் புகை போல ஆகிவிட்டது. விளக்கின் வெளிச்சம் ஆற்றில் விழுந்த வட்டத்துக்குள் முதலில் விரல் நீள மீன்கள் புள்ளி புள்ளியாக எழுந்தன. பிறகு அவை சட்டென்று சிதறின. அடுத்து ஒரு கனத்த "களக்". தண்ணீர் உள்வாங்கி மூடியது. வட்டத்தின் ஓரத்தில், இருட்டும் வெளிச்சமும் சேரும் கோட்டில், பெரிய மீன்கள் நின்று எடுத்துக்கொண்டிருந்தன. வெளிச்சத்தின் நடுவில் வீசிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கோட்டுக்கு மாற்றிய பிறகு மூன்று கெண்டையும் ஒரு சிலேபியும் வந்தன.

இதிலிருந்து இரண்டு விஷயம். முதலாவது, ஈசல் உச்சத்தில் கொட்டும்போது தண்ணீரில் ஆயிரம் உண்மைப் பூச்சிகளுக்கு நடுவே உங்கள் பொய்ப் பூச்சி ஒன்று. மீன் அதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை. தொடக்கத்தின் பத்து நிமிடமும், ஓய்ந்த பிறகு வரும் அரை மணி நேரமும்தான் உங்களுக்கானவை. இரண்டாவது, கைவிளக்கைத் தண்ணீர் மேல் அடிக்காதீர்கள். அடித்தால் அந்த இடம் அன்றைக்கு முடிந்தது.

மறுநாள் காலை மதகோரம் போனால் உதிர்ந்த இறக்கைகள் வெங்காயச் சருகைப் போல ஒதுங்கிக் கிடக்கும். எந்த மூலையில் அதிகம் சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு பூச்சியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை அது காட்டும்.

ஈசல் இல்லாத நாட்களில் எதை நம்பிப் போவது?

வெட்டுக்கிளியை நம்பிப் போங்கள். குறுவை அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கியதும், அதுவரை கதிருக்குள் இருந்த பூச்சிகள் எல்லாம் வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் ஒதுங்கும். பச்சை வெட்டுக்கிளி, பாச்சை, கதிர் நாவாய்ப் பூச்சி, தத்துப்பூச்சி, தண்டுத் துளைப்பான் அந்து என்று எல்லாமே இடம் பெயரும். காற்று எந்தக் கரையிலிருந்து அடிக்கிறதோ அந்தக் கரையோரமாக நடந்து பாருங்கள். புல்லிலிருந்து எகிறும் வெட்டுக்கிளியைக் காற்று தண்ணீரில் தள்ளும். அது இரண்டு உதை உதைக்கும். மூன்றாவது உதைக்குள் மீன் வந்துவிடும். இந்த ஒரு பூச்சிக்கு மட்டும் ஓசையோடு விழுவது நல்லது. மெல்ல இறக்க வேண்டியதில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கரை மரங்களின் மேல் தூண் போலச் சுழன்று நிற்கும் சிறு பூச்சிக்கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். கொசு என்று விரட்டுவோம். அவற்றில் பெரும்பாலானவை கடிக்காதவை. அவற்றின் புழு சேற்றில் வாழும் இரத்தச் சிவப்புப் புழு. நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதிலும் இருப்பதால்தான் அந்த நிறம். உயிர்வளி குறைந்த சேற்றிலும் அதனால் வாழ முடிகிறது. ஓட்டம் குறைந்த வாய்க்காலில் கெண்டையின் அன்றாட இரை இதுதான். சிறிய முள்ளில் சிவப்பு நூலை மட்டும் சுற்றி, மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே மெதுவாக இழுங்கள். இதைவிட எளிய பூச்சி கிடையாது. கையில் முதலில் கட்டிப் பழக வேண்டியதும் இதுதான்.

மேஃபிளை நம் ஆறுகளிலும் உண்டு. விளக்குப்பூச்சி என்ற மொத்தப் பெயருக்குள் அதையும் சேர்த்துவிடுகிறோம். விடியற்காலையில் விளக்குக்குக் கீழ்ச் சுவரைப் பாருங்கள். நெல்மணி அளவு உடல், படகின் பாய் போல மேலே நிமிர்ந்த இறக்கை, பின்னால் முடி போன்ற இரண்டு அல்லது மூன்று வால் இருந்தால் அதுதான். உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் உடல் கண்ணாடி போல இருக்கும். வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் வாழ்வு. பூச்சிகளிலேயே இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிப்பது இது மட்டும்தான். டிரவுட் ஆறுகளைப் போல இங்கே அது ஆற்றை மூடும் அளவுக்கு எழுந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் கல்லணைக்குக் கீழே கல் பாவிய ஓட்டங்களில், மாலையில், சிறிய வெள்ளைப் பொய்ப் பூச்சி ஒன்று வேலை செய்கிறது.

தட்டான்கள் திரளாகப் பறக்கின்றனவே, அவற்றை மீன் எடுக்குமா?

பறக்கும் தட்டானை எப்போதாவதுதான். தண்ணீருக்குள் வாழும் அதன் இளம்பருவத்தை எப்போதும் எடுக்கும். பழுப்பும் பச்சையும் கலந்த தடித்த பொய்ப் பூச்சியைத் தாமரைத் தண்டுகளின் ஓரமாக, அடிமட்டத்தில், விட்டுவிட்டு இழுத்தால் விரால்கூட வரும்.

ஐப்பசியில் வயலுக்கு மேல் திரளும் அந்த மஞ்சள் தட்டான்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. அவை உலகம் சுற்றும் இனம். வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு தென்னிந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று நாம் சொல்லும் அதே பூச்சி, மழையின் முன்னால் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்கிறது. அதைப் பார்க்கும்போது நான் கழியைக் கீழே வைத்துவிடுவேன்.

எந்தெந்த மீன்கள் மேலே வந்து எடுக்கும்?

வெள்ளிச்சி எப்போதும் எடுக்கும். விரல் நீளம்தான், ஆனால் வீசிப் பழக அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கெண்டை வகைகள் மாலையில் எடுக்கும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எல்லா நீர்நிலையிலும் பரவிவிட்ட சிலேபி பகலிலும் எடுக்கும். கெளுத்தி அடிமட்ட மீன் என்றாலும் ஈசல் நாளில் மேலே வந்துவிடும். ஆரலும் வாளையும் இதற்கு அகப்படுவதில்லை.

விரால் தனி விஷயம். அது காற்றை மேலே வந்து விழுங்கி மூச்சு விடும் மீன். ஆகவே விராலின் வட்டத்தைக் கண்டதும் வீசிவிடாதீர்கள். மூச்சுக்கு வந்த விரால் ஒருமுறை எழும்பும், ஓரிரு குமிழி விடும், பிறகு அதே இடத்தில் நெடுநேரம் எழும்பாது. இரை எடுக்கும் மீன் அருகருகே திரும்பத் திரும்ப வட்டம் போடும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பருவம் ஆயிற்று.

ஆற்றில் எங்கே நிற்பது?

சட்ரசுக்குக் கீழே தண்ணீர் விழுந்து கொந்தளிக்கும் இடத்தில் எல்லோரும் நிற்பார்கள். அதற்கு முப்பது நாற்பது அடி தள்ளி, நுரை ஒரு கோடாகச் சேர்ந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். நுரை எங்கே போகிறதோ அங்கேதான் பூச்சியும் போகும். மீன் அந்தக் கோட்டுக்குக் கீழே வரிசையில் நிற்கும். அடுத்து, வயல் வடிகால் ஆற்றில் சேரும் வாய். பிறகு நாணல் சாய்ந்து நிழல் விழும் திருப்பம்.

பின்னால் தென்னையும் கருவேலமும் இருந்தால் நூலைப் பின்னுக்கு வீச இடம் இருக்காது. நம் கரைகளில் பாதி அப்படித்தான். நூலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே வளையமாக உருட்டி முன்னே விடும் வீச்சைப் பழகிக்கொள்ளுங்கள். டெல்டாவில் அதுதான் முதல் வீச்சு.

என்ன கழி, என்ன முள்? பூச்சியைக் கடையில் வாங்க வேண்டுமா?

நான்கு அல்லது ஐந்தாம் எண் கழி போதும் (கழி தாங்கும் நூலின் எடையைக் குறிக்கும் எண் இது). விராலுக்கென்றே போவதானால் ஏழு. பூச்சியை வீட்டிலேயே கட்டுங்கள். என் ஈசல் இப்படித்தான்: பன்னிரண்டாம் எண் முள்ளில் பழுப்புத் தையல் நூலைச் சுற்றி, செருப்புக் கடையில் கழித்துப் போடும் மெல்லிய ரப்பர் நுரையில் தீக்குச்சி அளவு துண்டை மேலே வைத்துக் கட்டுவேன். அது மிதப்புக்கு. இறக்கைக்கு நாட்டுக்கோழியின் கழுத்து இறகு இரண்டு, உடலைத் தாண்டி வால் பக்கம் நீள வேண்டும். நிமிர்ந்து நிற்கக் கூடாது, தட்டையாகப் படிய வேண்டும். தண்ணீரில் விழுந்த ஈசல் இறக்கையை விரித்தபடி ஒட்டிக் கிடக்கும், அதனால்தான். கடைசியாகத் தலைப்பக்கம் இரண்டு முடிச்சு, ஒரு துளி நகப்பூச்சு. ஐந்து நிமிட வேலை.

முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் எளிது, உங்கள் காதில் மாட்டினால் எடுப்பதும் எளிது.

புரட்டாசியில் மீன் பிடிக்கலாமா? வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்களே?

எங்கள் வீட்டிலும் புரட்டாசி முழுவதும் மீன் சமைப்பதில்லை. அந்த ஒரு மாதம் நான் பிடிக்கும் மீன் அத்தனையும் ஆற்றுக்கே திரும்புகிறது. இது மனத்துக்கு நெருடலாக இருக்கிறது என்று சிலர் சொல்வதை மதிக்கிறேன். உண்ணாத மீனை ஏன் துன்புறுத்த வேண்டும் என்று என் அத்தை கேட்டார். அவருக்குப் பதிலாக என் பழக்கத்தைத்தான் மாற்றிக்கொண்டேன். மாலைக்கு ஐந்து மீனோடு நிறுத்திவிடுகிறேன், மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதில்லை, கை நனையாமல் தொடுவதில்லை. மீதி நேரம் பூச்சியைப் பார்க்கிறேன். புரட்டாசியில் கரையில் கூட்டமும் குறைவு. கற்றுக்கொள்ள அதைவிட அமைதியான மாதம் இல்லை.

அனுமதி வாங்க வேண்டுமா?

ஊர்க் குளமும் ஏரியும் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்காமல் நரம்பை நனைக்காதீர்கள். கோயில் குளத்தில் கூடவே கூடாது. ஆற்றுக்கு, அந்தந்த மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ஐப்பசியில் துலா நீராட்டுக்கு மயிலாடுதுறை முதலிய ஊர்களின் படித்துறைகளில் விடியலிலிருந்தே மக்கள் வருவார்கள். அந்தப் படித்துறைகளின் பக்கமே முள்ளோடு போகக் கூடாது.

என்னென்ன ஆபத்துகள்?

முதல் ஆபத்து மின்கம்பி. இன்றைய கழிகள் பெரும்பாலும் கரியிழையால் (கார்பன் இழையால்) ஆனவை, மின்சாரத்தைக் கடத்தும். பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் நம் கரைகளில் தாழ்ந்து தொங்குகின்றன. ஒன்பது அடிக் கழியைத் தூக்கி நடக்கும்போது தலைக்கு மேல் பார்க்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். இடி முழங்கினால் கழியைக் கீழே கிடத்திவிட்டு வெளியேறுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

இரண்டாவது, மணல் அள்ளிய பள்ளம். கொள்ளிடத்தில் கணுக்கால் தண்ணீரிலிருந்து அடுத்த அடியில் ஆள் ஆழம் வரும். தெரியாத இடத்தில் இறங்காமல் கரையிலிருந்தே வீசுங்கள். மூன்றாவது, அந்தி நேரப் பாம்பு. எலியைத் தேடி அறுத்த வயலிலிருந்து கரைக்கு வரும். முழங்கால் வரை காலணியும், நடக்கும்போது கைவிளக்கும் கட்டாயம்.

எந்த மீனைக் கட்டாயம் விட வேண்டும்?

குஞ்சைக் காக்கும் விராலை. மழை தொடங்கியதும் செம்மஞ்சள் குஞ்சுகள் தண்ணீர் மேல் ஒரு பந்தாகத் திரண்டு கொதிப்பது போலத் தெரியும். அடியில் தாய் தந்தை மீன்கள் நிற்கும். எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது மிக எளிது. அதனாலேயே பிடிக்கக் கூடாது. காவல் போனால் அந்தக் குஞ்சுகள் அன்று மாலைக்குள் மற்ற மீன்களின் வாயில் போய்விடும். மின்சாரம் பாய்ச்சியும் மருந்து கலந்தும் பிடிக்கிறவர்களைப் பற்றி எனக்குக் கடுங்கோபம் உண்டு. கண்டால் ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் துறையிடமும் சொல்லத் தயங்காதீர்கள்.

திருப்பி விடக் கூடாதது ஒன்று உண்டு. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் ஆற்றுக்கு அனுப்பாதீர்கள். அது மற்ற மீனைத் தின்று தீர்க்கிறது.

பனையேறி மீன் உண்மையிலேயே மரம் ஏறுமா?

இந்தக் கேள்வியே நம் கரையில் பிறந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் டால்டார்ஃப் என்ற அதிகாரி, மழைநீர் வழிந்த பனைமரத்தில் இந்த மீன் ஏறுவதைப் பார்த்ததாக எழுதினார். அது 1797இல் லண்டனில் அச்சானது. மரத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் ஐப்பசி மழை இரவில், செவுள் மூடியின் முட்களை மண்ணில் ஊன்றி, உடலை உந்தி உந்தி, ஒரு குட்டையிலிருந்து வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கும் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. சிறிய கறுப்புப் பூச்சியை ஆவலோடு எடுக்கும். கையில் பிடிக்கும்போது முள் குத்தும், துணியால் பிடியுங்கள்.

கார்த்திகைக்குப் பிறகு?

கார்த்திகையில் பெரும்பாலும் ஆறு கலங்கி, வடிகால் நிறைந்து, புயல் எச்சரிக்கையோடு கழியும். மார்கழியில் தண்ணீர் தெளியும், பூச்சி குறையும். ஆற்றில் மீன் அடியில் தங்கிவிடும். சிவப்பு நூல் பூச்சியை ஆழத்தில் மெதுவாக இழுத்தால் கெண்டை கிடைக்கும். தை நடுவில் மேட்டூர் மூடிய பிறகு கிளை ஆறுகள் மடு மடுவாக நின்றுவிடும். அந்த மடுக்களில் ஒடுங்கிய மீன்தான் அடுத்த ஆனியில் புதுத் தண்ணீரோடு ஆறு முழுவதும் பரவும். அவற்றில் நான் தூண்டில் போடுவதில்லை. அந்த மாதங்களில் அடுத்த புரட்டாசிக்கான ஈசல்களைக் கட்டுகிறேன். போன ஆண்டு அறுபது கட்டினேன்.